வித்தும் விளைவும்

சேலம் மாவட்டத்து ஆத்தூரைச் சார்ந்து வசிட்ட நதி செல்கின்றது. அப்பக்கத்து நன்செய்களில் நெல் விளைவிக்கும் உழவர்க்குக் களையும் பூச்சியுமன்றி வேறொரு தொல்லையும் உண்டு. அதனைக் கலவன் என்பர். வெள்ளரிசி நெல்லினிடையே சிவப்பரிசி நெல் விரவி வருதல் அத்தகைய கலவனாகும். விதைநெல்லில் அது புகுந்துவிட்டால், ஆண்டுதோறும் பெருகி, விளைபொருளின் மதிப்பைக் குறைத்துவிடும்.

'விரையொன்று போடச் சுரையொன்று முளைக்குமா?' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயின், அரிசி வெண்மையாயிருத்தலை உரித்துப் பார்த்தறிந்த நெல்லிலிருந்தே விதை எடுத்தாலும், சிற்சில பயிர்கள் சிவப்பரிசியே தருதல் உண்டு. வேற்று விதை வீழ்ந்தமையால் அங்ஙனம் ஆயிற்று என்று கருதுவது இயல்பே. அதுவன்றி வேறு காரணமும் இருக்கலாம்.

நெல், தன் பூந்தாதினால் தானே கருக்கொள்ளும் இயல்பினது. எனினும் மிகச் சில பூக்களில் அயற்பயிரின் தாது காற்றில் வந்து படிதலும் உண்டு. வெள்ளரிசிப் பயிரின் பூவில் சிவப்பரிசிப் பயிரின் தாது படிந்ததாகக் கொள்வோம். அங்கு உண்டாகும் அரிசி எந்நிறமாய் இருக்கும்? வெண்ணிறமாகவே இருக்கும். ஏனெனில், அரிசியின் செந்நிறம் அதன் மேல்தோலைச் சார்ந்தது. அத்தோல் தாய்ப்பயிரின் உடற்பகுதி. உள்ளே உறங்கும் முளையே மகவு. தாயின் போர்வையைக் கண்டு குழந்தையின் நிறத்தைக் கூறவொண்ணாதன்றோ?

அவ்விதை முளைத்துப் பயிரானபின் உண்மை வெளிப்படும். அப்பயிரின் அரிசி முழுவதும் சிவந்திருக்கும். பண்பினைக் கொண்டுசெல்லும் நுண்கூற்றை ஜீன் அல்லது மரபணு என்பர். ஒவ்வொரு பயிரிலும் நிறத்திற்கு இரண்டு மரபணுக்கள் உள்ளன: ஒன்று தாய் வழி வந்தது, மற்றொன்று தாது வழி வந்தது. சிவப்பைத் தருவதைச் 'சி' என்றும், வெண்மையைத் தருவதை 'வெ' என்றும் குறிப்போம். நம் கலப்புப் பயிர் 'சிவெ' ஆகும். சிவப்பு ஓங்கி நிற்க, வெண்மை ஒடுங்கியிருக்கும், ஒடுங்கியதேயன்றி அழிந்ததன்று.

இக்கலப்புப் பயிரின் தாதில் பாதி 'சி'யையும் பாதி 'வெ'யையும் சுமக்கும், சூலும் அவ்வாறே. அவை கூடுங்கால் சிசி, சிவெ, வெசி, வெவெ என நால்வகை பிறக்கும். முதல் மூன்றும் சிவப்பரிசி ஈனும். இறுதியது வெள்ளரிசி ஈனும். ஆகவே அடுத்த தலைமுறையில் மூன்று பங்கு சிவப்பும் ஒரு பங்கு வெண்மையும் தோன்றும் என முன்கூட்டியே உரைக்கலாம். சிவந்த அரிசியையுடைய நெல்லிலிருந்து வெள்ளரிசிப் பயிர் பிறத்தலும் இதனால் விளங்கும். சில நெல்வகைகளில் நிறத்தை ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் ஆள்வதுண்டு. அங்குக் கணக்கு வேறுபடும்.

இந்நெறியை முதலில் கண்டவர் மெண்டல் என்னும் துறவி. அவர் பட்டாணியை ஆராய்ந்து 1866-ஆம் ஆண்டு தம் முடிபுகளை வெளியிட்டார். 1900-ஆம் ஆண்டு வரை உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஒரு சோதனையில் அவர் எண்ணிய 7,324 விதைகளுள் 5,474 உருண்டை, 1,850 சுருக்கமுடையவை. இத்துணை விதைகளை அவர் எண்ணியது வீணன்று. நான்கே நாற்று நட்டால், நான்கும் சிவப்பாகவே அமைதல் ஏறத்தாழ மூன்று முறைக்கு ஒருமுறை நேரும். நூற்றுக்கணக்கில் நட்டாலன்றி விகிதம் புலப்படாது.

நெல்லில் இவ்வாராய்ச்சி நம் கோயம்புத்தூரிலேயே நிகழ்ந்தது. அங்கு 1912-இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. பார்னெல், ரங்கசாமி ஐயங்கார், ராமையா ஆகிய மூவரும் நெல்லின் மரபுப் பண்புகளைப் பற்றி 1917-இல் ஆய்வுரை வெளியிட்டனர். இவருள் ராமையா, 1946-இல் தோன்றிய கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவரானார்.

1921-இல் பார்னெல் வெளியிட்ட செய்தி என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. சமைத்தால் ஒட்டிக்கொள்ளும் பசையரிசி நெல்லின் தாதில் அயோடின் நீரை இட்டால் செம்பழுப்பாகும். ஏனைய நெல்லின் தாது கருநீலமாகும். இவ்விரண்டையும் கலந்து பெற்ற பயிரின் தாதை அவர் நுண்ணோக்கியில் கண்டார். ஏறத்தாழப் பாதித் துகள்கள் நீலம், பாதி செம்பழுப்பு! ஒரு துகளில் ஒரு மரபணுவே தங்கும் என்பது, தலைமுறை ஒன்று கழியுமுன்னரே கண்ணாற் காணுமாறு அமைந்தது.

இனி, ஆத்தூர் உழவரின் விதைக்கு வருவோம். கலப்பின் வழி வந்த பயிர்களுள் வெள்ளரிசி ஈன்றது 'வெவெ'. அயல்தாது படியாதவரை அதன் வழியில் சிவப்பு தோன்றாது. சிவப்பரிசி ஈன்றவற்றுள் தூயது எது, கலப்பு எது என்பதைக் கண்ணால் அறிய இயலாது. ஆதலால் ஒவ்வொரு பயிரின் கதிரையும் தனித்தனியே முடிந்து வைத்து, தனித்தனி வரிசையாக நடுவர். வெண்மையும் சிவப்பும் விரவிய வரிசை கலப்பினுடையது. அதனை விதைக்கு எடாமல் உணவுக்கு ஒதுக்குவர்.