கத்தியவர் தணிந்து பாடுகிறார்

இக்கி பாப் என்றால் சட்டையில்லாமல் மேடையில் துள்ளிக் கத்தும் ராக் பாடகர் என்றுதான் நினைத்திருந்தேன். 2012இல், 65 வயதில், அவர் ‘ஆப்ரே’ என்றோர் ஆல்பம் தந்தார். 10 பாடல்களில் பாதி பிரெஞ்சு. எல்லாம் பிறர் பாடியவை. அவருடைய இசை நிறுவனம் வெளியிட மறுத்தது. அவரே இணையம்வழி வெளியிட்டார்.

வேலை முடிந்து எம்ஆர்டியில் வரும்போது கேட்டேன். எடித் பியாஃபின் ‘லா வி ஆன் ரோஸ்’ இருக்கிறது; அதைப் பாடாதவர் யார்? என்னைப் பிடித்து நிறுத்தியது ‘லே பஸ்ஸாந்த்’. வழியில் கண்டு, பேசாமலே விட்டுவிட்ட பெண்களைப் பற்றிய பாட்டு. ரயிலில் உடன் பயணம் செய்தவளும் அதில் உண்டு. எழுதியவர் அந்துவான் போல். அவருடைய கவிதை நூலைப் பாரிஸின் பழைய பொருள் சந்தையில் கண்டெடுத்து இசையமைத்தவர் ஜோர்ஜ் பிராசன்ஸ். இருவரும் சந்திக்குமுன்பே, 1971இல், கவிஞர் இறந்துவிட்டார். பாட்டு மறு ஆண்டுதான் வந்தது.

இக்கியின் கனத்த குரலில் அமெரிக்க உச்சரிப்பு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அந்தத் தடுமாற்றம்தான் பிடித்தது. பேசத் தயங்கியவனின் பாட்டல்லவா!

பூன் லே வருவதற்குள் மூன்று முறை கேட்டுவிட்டேன்.