கலரைக் கடைசியில தொடுங்க

உங்க போன் கேலரியில ஒரு சன்செட் போட்டோவாவது கண்டிப்பா இருக்கும். எடுத்த நேரத்துல மனசை என்னமோ பண்ணியிருக்கும். இப்போ எடுத்துப் பார்த்தா வெறும் ஆரஞ்சு. எடிட்டர்ல கலரை இன்னும் கொஞ்சம் ஏத்துவீங்க. இன்னும் மோசமாகும்.

எனக்கு இதே விஷயம் பெயிண்ட்டிங்ல நடந்தது. ஓமலூர் பக்கத்துல எங்களுக்கு ஒரு சின்ன காடு இருக்கு. எங்க ஊர்ல காடுன்னா புன்செய் நிலம், புலி இருக்கற காடு இல்ல. குச்சிக்கிழங்கு, கடலை, ஓரத்துல நாலு பனைமரம், கிழக்கே சேர்வராயன் மலை. போன செமஸ்டர் லீவுல அதை விக்கறதா வீட்ல முடிவாச்சு. கையை விட்டுப் போறதுக்குள்ள ஆயாவுக்கு ஒரு படம் வரைஞ்சு குடுக்கலாம்னு உட்கார்ந்தேன். மண்ணுக்குச் சிவப்பு, செடிக்குப் பச்சை, வானத்துக்கு நீலம்னு எல்லா டியூபையும் திறந்தேன். ஆயா ரொம்ப நேரம் பார்த்தாங்க. "எல்லாம் இருக்குது கண்ணு. ஆனா நம்ம காடு மாதிரி இல்லையே"ன்னாங்க.

தப்பு எங்கேன்னு தேடினப்போ கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல கறுப்பு வெள்ளை

என் படத்தை போன்ல போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளைக்கு மாத்திப் பார்த்தேன். மண்ணும் செடியும் மலையும் ஒரே சாம்பல்! இமேஜ் ப்ராசஸிங் படிச்சவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும்: கலர் படத்தை கிரேஸ்கேல் ஆக்கும்போது பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு 0.114னு வெயிட் குடுப்போம். அதாவது கலருக்குள்ளயே ஒரு 'வெளிச்ச அளவு' ஒளிஞ்சிருக்கு. ஓவியர்கள் இதை 'வேல்யூ'ன்னு சொல்றாங்க. என் சிவப்பும் பச்சையும் கலர்ல எதிரெதிர், வேல்யூவுல ஒண்ணு. அதனால எது கிட்ட, எது தூரம், வெயில் எங்க விழுதுன்னு கண்ணுக்குப் பிடி கிடைக்கல.

நம்ம ஊருக்கு வந்த ரெண்டு பேர்

இந்தப் பாடத்தை 200 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம பக்கத்து மலைகளை வெச்சு ரெண்டு பேர் செஞ்சு காட்டியிருக்காங்க. தாமஸ் டேனியல், அவரோட சகோதரர் மகன் வில்லியம் டேனியல். இங்கிலாந்துக்காரங்க. 1792ல மூணாவது மைசூர் போர் முடிஞ்சு, பாராமகால்னு அப்போ பேர் இருந்த நம்ம சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் திப்பு சுல்தான் கையிலிருந்து கம்பெனி கைக்குப் போச்சு. அதே வருஷம் இவங்க தெற்கே வந்து, ராயக்கோட்டை மாதிரி மலைக்கோட்டைகளை வரைஞ்சாங்க. ஊருக்குத் திரும்பி 1795லிருந்து 1808 வரைக்கும் 'ஓரியண்டல் சீனரி'ங்கற பேர்ல மொத்தம் 144 படம் வெளியிட்டாங்க.

அந்தப் படங்கள் அக்வாடிண்ட்ங்கற முறையில அச்சானவை. செப்புத் தகட்டுல பிசின் தூளைத் தூவி, சூடு பண்ணி ஒட்ட வெச்சு, ஆசிட்ல விடுவாங்க. ஆசிட் எவ்வளவு நேரம் அரிக்குதோ அவ்வளவு இருட்டு. வெளிச்சமா இருக்க வேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி மூடிடுவாங்க. அப்படி மங்கல், நடுத்தரம், இருட்டுன்னு படிப்படியா மொத்தப் படமும் தகட்டுலயே முடிஞ்சிடும். ஒண்ணு ரெண்டு மையில அச்சடிச்ச பிறகுதான் கையால வாட்டர்கலர் பூசுவாங்க. அதுவும் மெல்லிசா. படத்தோட மூடு ஆசிட் தொட்டியிலயே முடிவாகிடுது. கலர் கடைசியா வந்து சேருது.

மலை ஏன் நீலம்?

சேர்வராயன் மலைக்குப் பக்கத்துல போனா பச்சை, பாறை, காப்பித் தோட்டம். ஓமலூர்லேர்ந்து பார்த்தா நீலம். நடுவுல இருக்கற காத்துதான் காரணம். காத்து மூலக்கூறுகள் சின்ன அலைநீளத்தை அதிகமா சிதறடிக்கும். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பை விட நாலு மடங்குக்கு மேல சிதறும். அந்தச் சிதறின வெளிச்சம் மலைக்கு முன்னாடி ஒரு மெல்லிய திரை மாதிரி நிக்குது. அதனால தூரம் போகப் போக மூணு விஷயம் நடக்கும்: இருட்டு வெளுக்கும், கான்ட்ராஸ்ட் குறையும், நிறம் நீலத்துப் பக்கம் சாயும். நான் மூணாவதை மட்டும் செஞ்சிருந்தேன். நல்ல அழுத்தமான நீலத்தை அப்பினதால மலை பனைமரத்துக்குப் பக்கத்துல வந்து உட்கார்ந்துடுச்சு.

நேரமும் முக்கியம். காலையில சூரியன் மலைக்குப் பின்னாடி இருக்கும், மலை ஒரே தட்டையான நிழல். சாயங்காலம் மேற்கு வெயில் மலை முகத்துல விழும், ஒவ்வொரு மடிப்பும் தெரியும். ஒரே மலை, ரெண்டு மனநிலை. நம்ம திணை இலக்கணத்துல நிலத்தோட பொழுதையும் சேர்த்து முதற்பொருள்னு வெச்சது சும்மா இல்ல. முல்லைக்கு மாலை, பாலைக்கு நண்பகல். வெளிச்சம் மாறினா அதே நிலம் வேற நிலம்.

கலர் பக்கத்து வீட்டைப் பொறுத்தது

இனி கலருக்கு வரலாம். பாரிஸ்ல கோப்லான்னு ஒரு பெரிய திரைச்சீலை நெசவுக்கூடம். அங்க சாயப் பிரிவுக்குத் தலைவரா இருந்தவர் செவ்ரல்ங்கற வேதியியலாளர். கறுப்பு நூல் மங்கலா இருக்குன்னு அவருக்குப் புகார் வந்தது. சோதிச்சுப் பார்த்தா சாயத்துல குறையே இல்ல. அந்தக் கறுப்பைச் சுத்தி நெய்திருந்த கலர்கள்தான் அதை மங்கலாக் காட்டுது. 1839ல இதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். தாரமங்கலம் பக்கம் தறி வெச்சிருக்கற வீட்ல கேட்டுப் பாருங்க. உடம்பு கலர் மாறினா அதே பார்டர் வேற மாதிரி தெரியும்னு அவங்களுக்குத் தெரியாததா?

செம்மண் சூடா தெரியணும்னா சிவப்பை மேல மேல ஏத்தாதீங்க. பக்கத்துல இருக்கற பச்சையில கொஞ்சம் சாம்பல் கலங்க. மண் தானா எரியும்.

இதுக்கு நேர் எதிரா ஒரு வித்தையும் இருக்கு. மோனே 1872ல வரைஞ்ச 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' படத்தை கறுப்பு வெள்ளைக்கு மாத்துங்க. ஆரஞ்சு சூரியன் கிட்டத்தட்ட காணாமப் போயிடும். வானமும் சூரியனும் ஒரே வேல்யூ, கலர் மட்டும் வேற. அதனாலதான் அந்தச் சூரியன் நிலையா நிக்காம மிதக்கற மாதிரி இருக்கு. என் படத்துல தெரியாம நடந்ததை அவர் ஒரே ஒரு இடத்துல பயன்படுத்திக்கிட்டார்.

நீங்க ட்ரை பண்றதா இருந்தா

வேல்யூவை மூணா பிரிங்க: வெளிச்சம், நடு, இருட்டு. மூணுல எது அதிக இடத்தைப் பிடிக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. வெளுப்பு அதிகம்னா லேசான மனநிலை, இருட்டு அதிகம்னா கனம். மூணும் நெருக்கமா இருந்தா அமைதி. ரொம்ப விலகி இருந்தா உச்சி வெயில் மாதிரி ஒரு பதற்றம். பெரிய கான்ட்ராஸ்டை ஒரே இடத்துல வைங்க, கண் அங்கதான் போய் நிக்கும். பென்சில்ல அது சரியா வந்த பிறகு டியூபைத் திறங்க.

ரெண்டாவது படத்தை அப்படித்தான் பண்ணேன். சாயங்கால நேரம், வெளுத்த மலை, பனைமரத்து நிழல் மட்டும் இருட்டு. மொத்தம் நாலு கலர். ஆயா படத்தைக் கையில வாங்கி, அந்த நிழலுக்குப் பக்கத்துல விரலை வெச்சாங்க.

"கிணத்து மேடு இங்கதான வரும்?"

கிணத்தை நான் வரையவே இல்ல.