எண்ணை அழித்தாலும் இரும்பு மறக்காது

பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று உங்கள் தெருவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். "இது 1965-ல் செய்த வண்டி" என்கிறார் அதன் சொந்தக்காரர். ஆர்.சி. புத்தகமும் அப்படியே சொல்கிறது. ஆனால் ஆர்.சி. புத்தகம் வெறும் காகிதம். வண்டியோ இரும்பு. காகிதம் சொல்வதை இரும்பும் ஒப்புக்கொள்கிறதா? இதைக் கண்டறிய இயற்பியலும் வேதியியலும் எப்படி உதவுகின்றன என்று பார்ப்போம்.

வயதைக் கூட்டிச் சொல்வது ஏன்?

மனிதர்களில் சிலர் வயதைக் குறைத்துச் சொல்வதுண்டு. வண்டிகளின் உலகில் இது தலைகீழ். வயது கூடினால் சலுகை கிடைக்கிறது, விலையும் ஏறுகிறது.

பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த வண்டியை 'வரலாற்று வண்டி' என்று பதிவு செய்தால் ஆண்டுதோறும் கட்டும் சாலை வரி இல்லை. 2018 முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத அத்தகைய வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. இந்தியாவில் 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் பெறலாம். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது.

சலுகை உள்ள இடத்தில் பொய்யும் நுழையப் பார்க்கும். புதிய வண்டிக்குப் பழைய வண்டியின் எண்ணைச் சூட்டுவது ஒரு வழி. பதிவுப் பத்திரத்தையே போலியாகத் தயாரிப்பது இன்னொரு வழி. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறையினர் 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் சோதனை நடத்தினர். பூட்டான் வழியாக வரி கட்டாமல் கொண்டுவரப்பட்டு, போலிப் பத்திரங்களால் பதிவு செய்யப்பட்டவை என்ற சந்தேகத்தின் பேரில் முதல் நாளிலேயே 36 வண்டிகளைக் கைப்பற்றினர். 'நும்கோர்' என்றால் பூட்டானின் மொழியில் வண்டி என்று பொருள்.

இதனால் இழப்பு யாருக்கு? அரசுக்கு வரி போகிறது. தெரியாமல் வாங்கியவருக்குப் பணமும் வண்டியும் போகின்றன. வண்டியைத் திருட்டுக் கொடுத்தவர் அதைத் தன்னுடையது என்று நிரூபிக்க முடியாமல் தவிக்கிறார். வெட்டி ஒட்டிய வண்டி சோதனைக்கே வராமல் ஓடினால், சாலையில் எதிரே வருபவரின் உயிருக்கும் ஆபத்து.

தறியும் வண்டியும்

வண்டியின் அடையாளம் அதன் எந்த உறுப்பில் இருக்கிறது? பொதட்டூர்பேட்டை மாணவர்களுக்கு இந்தக் கேள்வி எளிதில் விளங்கும். பாட்டனார் காலத்துத் தறியில் நாடா தேய்ந்தால் மாற்றுகிறோம். விழுதும் பண்ணையும் மாறுகின்றன. ஆனாலும் அதைப் 'பாட்டனார் தறி' என்றே அழைக்கிறோம். ஒரு நாள் தறியின் மரச் சட்டத்தையே மாற்றிவிட்டால்? அப்போது சற்றுத் தயங்குவோம் அல்லவா?

இந்தத் தயக்கத்தைப் பிரிட்டனின் வண்டிப் பதிவுத் துறை கணக்காகவே போட்டது. மாற்றிக் கட்டிய வண்டிகளுக்கு அது பல ஆண்டுகள் ஒரு புள்ளி முறையைக் கையாண்டது. சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்துக்கு 5 புள்ளி. ஸ்பிரிங் அமைப்பு, அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2. எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று! பழைய எண்ணை வைத்துக்கொள்ள, மூல உறுப்புகளால் குறைந்தது 8 புள்ளி சேர வேண்டும். எஞ்சினை எளிதில் மாற்றிவிடலாம். அடிச்சட்டம்தான் வண்டியின் முதுகெலும்பு. அதனால்தான் சேசிஸில் பொறித்த எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு.

காலத்துக்குப் பொருந்தாத உறுப்புகள்

அசோகர் காலத்துக் கல்வெட்டு என்று ஒருவர் காட்டும் கல்லில் ஆங்கில எழுத்து இருந்தால் என்ன நினைப்பீர்கள்? வண்டியைச் சோதிப்பவரும் முதலில் இப்படிப்பட்ட முரண்பாட்டையே தேடுகிறார்.

லேண்ட் ரோவர் ஜீப்பை எடுத்துக்கொள்வோம். 1948-ல் வெளிவந்த முதல் வகையிலும் அதன் வழிவந்த வகைகளிலும் லாரியில் இருப்பதுபோல், எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்குகளே இருந்தன. அந்த வரிசையில் சுருள் ஸ்பிரிங் வந்தது 1983-ல். எனவே '1960-ல் செய்தது' என்ற லேண்ட் ரோவரின் அடியில் சுருள் ஸ்பிரிங் இருந்தால், அடிச்சட்டம் வேறு வண்டியினுடையதோ என்ற கேள்வி எழும்.

எண்ணும் காலத்தைக் காட்டிக் கொடுக்கும். இன்றைய கார்களின் சேசிஸ் எண்ணில் 17 இடங்கள் உண்டு. 1, 0 என்ற இலக்கங்களோடு குழப்பும் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வருவதில்லை. அமெரிக்காவில் இம்முறை 1981 மாடல் வண்டிகளிலிருந்து கட்டாயமாயிற்று. 1962-ஆம் ஆண்டுக் காரில் 17 இட எண் இருந்தால் அது பின்னால் பொறித்ததே.

நம் புல்லட்டில் இந்த வேலை கடினம். 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்த அந்த வண்டியின் அடிப்படை அமைப்பு, பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. ஒரு காலத்து உறுப்பு இன்னொரு காலத்து வண்டியில் பொருந்திவிடும். அப்போது வெளித்தோற்றத்தை விட்டு உலோகத்தின் உட்புறத்தைத்தான் கேட்க வேண்டும்.

அழிந்த எண் மீளும் விதம்

திருடன் அரத்தால் ராவியோ, கிரைண்டரால் தேய்த்தோ எண்ணை அழித்துவிடுகிறான். பரப்பு வழவழவென்று ஆகிவிடுகிறது. ஆனால் எண் முழுவதும் போய்விடவில்லை!

எஃகு என்பது நுண்ணிய படிகத் துகள்கள் நெருங்கி அமைந்த பொருள். ஒவ்வொரு துகளிலும் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. எண் அச்சை வைத்து ஓங்கி அடிக்கும்போது பள்ளம் மட்டும் விழுவதில்லை. பள்ளத்துக்கு அடியிலும் துகள்கள் நசுங்குகின்றன; அணு வரிசைகள் குலைகின்றன. கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தை ராவிவிட்ட பிறகும் இந்தக் குலைவு அடியில் தங்கிவிடுகிறது.

குலைந்த பகுதியில் ஆற்றல் சற்று மிகுதி. ஆகவே அது வேதிப்பொருளோடு விரைவாக வினைபுரியும். ஆய்வாளர் அந்த இடத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, குப்ரிக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பஞ்சால் தடவுகிறார். அடிபட்ட பகுதியும் அடிபடாத பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்படுகின்றன. சிறிது நேரத்தில் அழிந்த எண் மங்கலாகத் தலைகாட்டும்! சில சமயம் தோன்றிச் சற்று நேரத்தில் மறைந்தும் விடும். அதனால் உடனே புகைப்படம் எடுத்துவிடுவார்கள். எஞ்சினின் அலுமினியக் கூட்டுக்கு வேறு கரைசல்கள் உண்டு.

காந்த முறையும் உண்டு. எஃகைக் காந்தமாக்கினால், குலைந்த பகுதியில் காந்தப் புலக்கோடுகள் சற்று வெளியே கசியும். நுண்ணிய இரும்புத் தூள் அங்கே ஒட்டி எண்ணின் வடிவத்தைக் காட்டும். இதில் உலோகம் அரிக்கப்படாததால் பெரும்பாலும் இதை முதலில் செய்து பார்ப்பது நல்லது. சென்னையிலுள்ள தமிழ்நாடு தடய அறிவியல் துறை போன்ற ஆய்வுக்கூடங்களில் அழிக்கப்பட்ட எண்களை மீட்பது வழக்கமான பணிகளுள் ஒன்று.

இரும்பின் இந்த நினைவுக்கும் எல்லை உண்டு. மிக ஆழமாக ராவினாலோ, வெல்டிங் செய்து அந்த இடத்தை உருக்கினாலோ எண் திரும்பாது. சிவக்கக் காய்ச்சினாலும் அணுக்கள் புதிதாக வரிசைகட்டிவிடும். அடித்து அடித்து இறுகிப்போன பித்தளைக் குடத்தைக் கன்னார் இடையிடையே நெருப்பில் காட்டி இளக்குவது இதே தத்துவத்தால்தான். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் பழைய இரும்பு உருகிக் கம்பியாகும்போது அது முன்பு எந்த வண்டியாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதனாலேயே 2021-ஆம் ஆண்டின் வண்டி உடைப்பு விதிகள், சேசிஸ் எண் உள்ள துண்டை வெட்டியெடுத்து 6 மாதம் பாதுகாக்கச் சொல்கின்றன.

சந்தேகம் தீர்ப்பு ஆகாது

இங்கே ஓர் எச்சரிக்கை. முரண்பாட்டைக் கண்டவுடன் வண்டிக்காரரைத் திருடன் என்று சொல்லிவிடலாமா? கூடாது. கடற்கரை ஊரில் அடிச்சட்டம் துருப்பிடித்திருக்கலாம். நேர்மையாகவே வேறு சட்டம் மாற்றியிருக்கலாம். எண்ணைத் துரு தின்றிருக்கலாம். அந்நாளில் பதிவேட்டில் எழுதியவர் 3-ஐ 8 என்று எழுதியிருக்கலாம். டயரும் விளக்கும் புதியவை என்பது எதையும் காட்டாது. அவை தேய்ந்தால் மாற்றப்படுபவை. பதிவேடு, உறுப்புகள், உலோகம் ஆகிய மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டும்போதுதான் ஆய்வாளர் முடிவுக்கு வருகிறார். வண்டியின் பின்னணி தெரியாதபோது, தெரியாது என்றே பதிவு செய்யவும் வழி வேண்டும். பிரிட்டனில் அடையாளமோ வயதோ உறுதியாகாத வண்டிக்கு 'க்யூ' என்று தொடங்கும் எண்ணைத் தருவது அதற்காகத்தான்.

செய்து பாருங்கள்

1. ஆசிரியர் முன்னிலையில் ஒரு செப்புக் கம்பியை இடுக்கியால் பிடித்துச் சுடரில் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுங்கள். அது எளிதாக வளையும். அதே இடத்தில் பலமுறை வளைத்து நிமிர்த்துங்கள். போகப் போகக் கடினமாகும். மறுபடி காய்ச்சி ஆறவிட்டால் இளகும். எண் அச்சின் அடியில் நடப்பதும், வெல்டிங்கில் அழிவதும் உங்கள் கையிலேயே தெரிந்துவிடும்.

2. உடைந்த ஹேக்ஸா பிளேடின் இரு துண்டுகளையும் முனையோடு முனை தொடும்படி வையுங்கள். ஒரு கோடியில் சட்டக் காந்தத்தின் வடமுனையையும் மறு கோடியில் இன்னொரு காந்தத்தின் தென்முனையையும் வையுங்கள். மேலே காகிதம் விரித்து இரும்புத் தூளைத் தூவி, மெல்லத் தட்டுங்கள். இரண்டு துண்டுகளும் சேரும் இடத்தில் தூள் கூடுவதைக் காண்பீர்கள். காகிதத்துக்கு அடியில் இருப்பதை உங்கள் நண்பனிடம் சொல்லாமல், பிளேடு எங்கே உடைந்திருக்கிறது என்று அவனைக் கேளுங்கள். அவன் எதைப் பார்த்துச் சொன்னான் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.