பொழுது குறுகினால் மான் ஊதும்

செப்டம்பர் கடைசி வாரம், மாலை ஐந்தரை மணி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் மொரெய்ன் பார்க் என்ற புல்வெளி. சாலையோரம் நெடுகக் கார்கள். மடக்கு நாற்காலி, கம்பளி, ஃபிளாஸ்கில் காபி, கழுத்தில் பைனாகுலர் என்று தேர் பார்க்க வந்தவர்களைப் போல ஜனங்கள் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் திருவிழாச் சத்தம் இருக்காது. குழந்தைகள்கூடக் கிசுகிசுப்பார்கள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிய சில நிமிடங்களில் குளிர் காதைப் பிடிக்கும். அப்போது பைன் மரங்களின் இருட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வரும்.

எண்ணெய் காணாத இரும்புக் கேட்டைத் திறப்பதுபோலத் தொடங்கும். சட்டென்று விசிலாக மாறி மேலே மேலே ஏறும். உச்சியில் சற்று நின்று, கடைசியில் நாலைந்து உறுமலாக உடைந்து விழும். ஊதுவது எல்க் என்ற மான். ஆணின் எடை 300 கிலோவைத் தாண்டும். அந்தச் சத்தத்துக்கு ஆங்கிலத்தில் ‘பியூகிள்’ என்று பெயர்; நம் எக்காளம்தான். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. எக்காளத்தில் இவ்வளவு ஏக்கம் கிடையாது.

ஒலியியல் தெரிந்தவர்களுக்கு இது வெகுகாலம் புதிராகவே இருந்தது. உடம்பு பெருக்கப் பெருக்கக் குரல் தாழும் என்பது விலங்குலகின் பொது வழக்கம். எல்க்கின் நெருங்கிய உறவான ஐரோப்பியச் செம்மான் அதன்படியே அடித்தொண்டையில் கர்ஜிக்கிறது. எல்க் மட்டும் 4,000 ஹெர்ட்ஸ் வரை போகிறது. பியானோவின் வலதுகோடிக் கட்டைகளை ஒட்டிய சுருதி அது. எலிக்குப் பொருந்தும், இவ்வளவு பெரிய மானுக்குப் பொருந்தாது. டேவிட் ரெபியும் சக ஆய்வாளர்களும் ஒலிப்பதிவுகளைப் பிரித்துப் பார்த்து 2016இல் ஒரு விடை சொன்னார்கள். எல்க் ஒரே மூச்சில் இரண்டு குரல் எழுப்புகிறது. மேலே விசில்; அதே நேரத்தில் அடியில் சுமார் 150 ஹெர்ட்ஸில் ஓர் உறுமல். விசில் திறந்த வெளியில் தூரத்துக்குக் கேட்கும். அடிக்குரல் பக்கத்தில் நிற்கும் எதிரிக்கு உடம்பின் அளவைச் சொல்லும். இரண்டுக்கும் வேலை இப்படிப் பிரிந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். நாதஸ்வரமும் ஒத்தும் ஒரே தொண்டைக்குள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊதுவது எதற்கு என்பதில் புதிர் இல்லை. ஓர் ஆண் பத்து இருபது பிணைமான்களைச் சேர்த்துக்கொண்டு, பிற ஆண்கள் நெருங்காமல் காவல் காக்கும். கூட்டத்தை விட்டு ஒரு பிணை விலகினால் ஓடிப்போய்க் கழுத்தை நீட்டி மடக்கிக்கொண்டு வரும். மேய நேரமிருக்காது, தூக்கமும் குறைவு. ஒரு மாதத்தில் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கரைந்துபோவதுண்டு. தலையில் இருக்கும் கொம்புகளே சில மான்களுக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் கனக்கும். வசந்தத்தில் முளைத்து, உச்சகட்டத்தில் நாளுக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, ஆகஸ்டில் மேல்தோல் உரிந்து முற்றி, வரும் மார்ச் வாக்கில் விழப்போகிற கொம்பு. இத்தனை முதலீடும் இந்த நாலைந்து வாரங்களுக்காக.

சரி, செப்டம்பர் வந்துவிட்டது என்று மானுக்கு யார் சொன்னார்கள்? குளிரா? மலையில் குளிர் நம்பக்கூடிய சாட்சி இல்லை. ஒரு வருஷம் செப்டம்பர் தொடக்கத்திலேயே பனி கொட்டும். இன்னொரு வருஷம் அக்டோபரில் சட்டையோடு நடக்கலாம். மான் பார்ப்பது வானிலையை அல்ல, பகலின் நீளத்தை. ஜூனில் அங்கே சுமார் 15 மணி நேரப் பகல், டிசம்பரில் ஒன்பதேகால். செப்டம்பரில் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பகலிலிருந்து கழிகிறது. இரவு நீள நீள, மூளையின் பினியல் சுரப்பி மெலட்டோனினைக் கூடுதல் நேரம் சுரக்கிறது. அந்தச் செய்தி ஹார்மோன்களின் வழியே இறங்கி, ஆணின் கழுத்தைத் தடிக்கவைத்து ஊதவும் வைக்கிறது. இப்போது சூல் கொண்டால் எட்டு மாதம் கழித்து, ஜூன் வாக்கில், பசும்புல் துளிர்த்திருக்கும் நேரத்தில் குட்டி பிறக்கும். முந்திப் பிறந்தால் பனி, பிந்திப் பிறந்தால் அடுத்த குளிருக்குள் உடம்பு தேறாது.

1960களில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் காஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். சிக்கா என்ற மான்களை உள்ளே அடைத்து, விளக்கைக் கொண்டு ஓராண்டின் பகல் ஏற்றஇறக்கத்தை ஆறு மாதத்துக்குள் சுருக்கினார். மான்கள் ஏமாந்தன. ஆண்டுக்கு இரண்டு தடவை கொம்பு உதிர்த்து, இரண்டு தடவை வளர்த்தன. எப்போதும் 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்று வைத்தபோது கொம்பை உதிர்க்கவே மறந்தன.

நம் முதுமலையில் இந்தப் பாடத்தின் மறுபக்கம் மேய்ந்துகொண்டிருக்கிறது. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஒளி தரும் தகவல் அவ்வளவு மங்கல். அதனால் புள்ளிமான் மந்தையில் முற்றிய கொம்போடு ஓர் ஆணும், பட்டுத்தோல் மூடிய பிஞ்சுக் கொம்போடு இன்னொன்றும் ஒரே நாளில் நிற்கும். இணைசேர்க்கைக்கு உச்ச மாதங்கள் உண்டு, ஆனால் ராக்கி மலையின் கண்டிப்பு கிடையாது. இலை உதிர்வும் அப்படித்தான். பள்ளிப் புத்தகத்தில் செப்டம்பரைத் தாண்டியதும் இலையுதிர் காலம் என்று படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தால் ஐப்பசி மழை கொட்டும். எனக்கு அந்தக் குழப்பம் தீர வெகுநாளாயிற்று. நம் காடுகள் மாசி, பங்குனியில், தண்ணீர்ப் பஞ்சத்தில் இலை உதிர்க்கின்றன.

மொரெய்ன் பார்க்கைச் சுற்றி நிற்கும் ஆஸ்பென் மரங்கள் உதிர்ப்பது பகல் குறைவதாலும் குளிர் வருவதாலும். பச்சையம் சிதைந்ததும், அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. இலைக்காம்பு தட்டையாக இருப்பதால் லேசான காற்றுக்கே இலை படபடக்கும். மலைச்சரிவே காசுமாலை போட்டதுபோலச் சிணுங்கும். உற்றுப் பார்த்தால் ஒரு தோப்பு முழுக்க மஞ்சளாகவும், ஒட்டினாற்போல் அடுத்தது பச்சையாகவும் இருக்கும். காரணம், தோப்பு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்த ஒரே மரம். எல்லைக்கோடு வருஷம் முழுக்க அங்கேயே இருக்கிறது; கண்ணுக்குத் தெரிவது இந்தச் சில நாட்களில்தான்.

எல்க்குக்கும் ஆஸ்பெனுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வேட்டைக்காரர்கள் இந்தப் பள்ளத்தாக்கின் எல்க்குகளை ஏறக்குறையத் துடைத்துவிட்டார்கள். 1913, 1914ஆம் ஆண்டுகளில் யெல்லோஸ்டோனிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1915இல் பூங்கா உருவானது. அழிந்துபோன ஓநாய்களை மட்டும் அப்போது யாரும் திரும்பக் கொண்டுவரவில்லை. விரட்ட ஆளில்லாத மான்கள் பெருகி, ஆஸ்பென் கன்றுகளையும் வில்லோ புதர்களையும் முளைவிட முளைவிட மேய்ந்து தீர்த்தன. கடைசியில் மரங்களைக் காப்பாற்ற வேலி போட வேண்டிவந்தது. இன்று தேசியப் பூங்காவுக்குள் கம்பிக்கு அந்தப்பக்கம் ஒரு தோப்பைப் பார்த்தால் அடைபட்டிருப்பது மரம், வெளியே உலவுவது மான்.

பார்க்க வருபவர்களுக்கும் வேலி உண்டு, கண்ணுக்குத் தெரியாதது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாலை 5 மணி முதல் மறுநாள் காலை வரை முக்கியப் புல்வெளிகளில் கால் வைக்கக் கூடாது. எல்க்கிடமிருந்து குறைந்தது 75 அடி தள்ளி நிற்க வேண்டும். மான்போல ஊதிக் கூப்பிடுவதும் டார்ச் அடிப்பதும் குற்றம். கெடுபிடி நியாயமானதே. போலிக் குரலுக்கு ஓடிவரும் ஓர் ஆண், அந்த ஓட்டத்தில் செலவழிக்கும் கொழுப்பைப் பனிக்காலத்தில் திரும்பச் சம்பாதிக்க முடியாது.

ஒளியின் நாட்காட்டியை நம்புவதில் இப்போது ஓர் ஆபத்து புகுந்திருக்கிறது. இதே மலைத்தொடரின் வடக்கே, மான்டானாவில், பனிக்காலணி முயலை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அந்த முயல் அக்டோபரில் பழுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறத் தொடங்கும். அதுவும் பகல் நீளத்தைப் பார்த்தே. பூமி சூடேறியதில் பனி தாமதமாக விழுகிறது. பகலின் நீளமோ நிமிடம் பிசகாமல் வழக்கப்படி குறைகிறது. விளைவு, பழுப்புத் தரையில் வெள்ளை முயல். தான் பளிச்சென்று தெரிவது அதற்குத் தெரியாது. பனி இருப்பதாகவே நினைத்து அசையாமல் உட்கார்ந்திருக்கும். இப்படி நிறம் பொருந்தாத முயல்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பு வாரத்துக்கு 7 சதவீதம் வரை குறைகிறது.

மொரெய்ன் பார்க்கிலிருந்து டிரெயில் ரிட்ஜ் சாலையில் ஏறினால் மரங்கள் தீர்ந்து, 12,000 அடி உயரத்தில் பாறையும் புல்லுமாகிவிடும். அங்கே முயலின் சின்ன உறவினரான பைக்கா இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் உருவம், வட்டக் காது, வாலே தெரியாது. பனிக்காலத்தில் இது தூங்குவதில்லை. அதனால் கோடை முதலே வாய் கொள்ளாத புல்லோடு ஆயிரக்கணக்கான நடை நடந்து பாறை இடுக்கில் வைக்கோல்போர் கட்டுகிறது. ஆய்வாளர் டெனிஸ் டியரிங் 1990களில் இந்தப் போர்களைப் பிரித்துப் பார்த்தபோது, பைக்கா கோடையில் தொடாத ஒரு செடி குவிந்து கிடந்தது. ஆல்பைன் அவென்ஸ் என்ற மஞ்சள் பூச்செடி. பச்சையாகத் தின்றால் ஆகாத அளவுக்கு ஃபீனால் சேர்மங்கள். நம் கடுக்காயின் துவர்ப்புக்கு இனமானவை. அதே சேர்மங்கள்தான் போரைக் கெடாமல் காக்கின்றன. மாதங்கள் போகப் போக நஞ்சு தானாகக் குறைகிறது.

அக்டோபர் நடுவில் பனி வந்ததும் டிரெயில் ரிட்ஜ் சாலையை மூடிவிடுவார்கள். கார்கள் போய்விடும், கீழே எக்காளமும் ஓய்ந்துவிடும். பாறைக்கு அடியில் பைக்கா நல்ல புல்லை முதலில் தின்று முடிக்கும். அவென்ஸ் இலை இன்னும் கொஞ்சநாள் காத்திருக்கும்.