முதலாம் ஆண்டுப் பையனை நம்பிக் கோப்பைக்குப் போகலாமா?

1965 நவம்பர் 27. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் கட்டிய பாலி பெவிலியன் அரங்கில் முதல் கூடைப்பந்து ஆட்டம். ஒரு பக்கம் 1964, 1965 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் தேசியக் கோப்பை வாங்கிய கல்லூரி அணி. எதிரே, அதே கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த முதலாம் ஆண்டு மாணவர்கள். சாம்பியன்கள் 60, புதுப் பையன்கள் 75. அதில் 31 புள்ளிகள் ஏழடிக்கு மேல் வளர்ந்த ஒரே பையனுடையவை. அவர் பெயர் லூ அல்சிண்டர். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்தவர்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு முழுக்க அவரால் கல்லூரி அணிக்கு ஆட முடியவில்லை. முதலாம் ஆண்டு மாணவர்களுக்குத் தனி அணி என்பது அன்றைய விதி. அவர் இல்லாத கல்லூரி அணி 18 ஆட்டங்களில் ஜெயித்து, 8-இல் தோற்று, தேசியப் போட்டிக்கே போகவில்லை. அவர் வந்த பிறகு 1967, 1968, 1969 மூன்று ஆண்டும் கோப்பை. அவர் ஆடிய காலத்தில் அணி தோற்றது இரண்டே ஆட்டங்களில். ஆனால், கணக்குப் பார்க்கும் யாரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பைகள் வந்தது அவருடைய இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளில்.

1972-இல் விதி மாறியது. முதலாம் ஆண்டு மாணவரும் முதல் நாளிலிருந்தே களம் இறங்கலாம் என்றார்கள். கல்லூரிக்குள் நுழையும்போதே நட்சத்திரமாக நுழையும் பதினெட்டு வயதுப் பையனை நம்பி ஒரு அணி ஜெயிக்க முடியுமா என்ற கேள்வி அன்று பிறந்தது. இன்றும் அடங்கவில்லை.

அதற்கு முதல் பெரிய சோதனை மிச்சிகன் பல்கலைக்கழகம். 1991-இல் ஒரே ஆண்டில் ஐந்து பேர் சேர்ந்தார்கள்: கிறிஸ் வெப்பர், ஜேலன் ரோஸ், ஜுவான் ஹவர்ட், ஜிம்மி கிங், ரே ஜாக்சன். தொளதொள கால்சட்டை, கறுப்பு சாக்ஸ், வாய் ஓயாத பேச்சு. ஊரே இவர்களைப் பார்த்து உடை மாற்றிக்கொண்டது. 1992 இறுதிப் போட்டிவரை போனார்கள். டியூக் பல்கலைக்கழகத்திடம் 51-71 என்று உதை வாங்கினார்கள். அடுத்த ஆண்டும் இறுதிப் போட்டி. ஆட்டம் முடிய 11 விநாடிகள் இருக்கையில் வெப்பர் டைம்-அவுட் கேட்டார். அணியின் கையில் டைம்-அவுட்டே மிச்சமில்லை. அபராதம் விழுந்தது, நார்த் கரோலினா ஜெயித்தது. ஐவரும் சேர்ந்து புகழ் சேர்த்தார்கள். கோப்பை மட்டும் சேரவில்லை. வெளியாள் ஒருவரிடமிருந்து பணம் வாங்கிய விவகாரம் பிறகு வெடித்து, அந்த இரண்டு இறுதிப் போட்டிகளும் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டன.

முடியாது என்று சொல்பவர்களின் வாயை 2003-இல் கார்மெலோ ஆந்தனி அடைத்தார். சிரக்யூஸ் கல்லூரிக்காக ஒரே ஒரு ஆண்டுதான் ஆடினார். இறுதிப் போட்டியில் 20 புள்ளிகள், 10 ரீபவுண்ட். கோப்பையும் வந்தது. இன்னொரு முதலாம் ஆண்டு மாணவர் ஜெர்ரி மெக்னமாரா முதல் பாதியில் மட்டும் ஆறு முறை மூன்று புள்ளி போட்டார். முதலாம் ஆண்டு மாணவர்களின் வெற்றி என்று எழுதி முடித்துவிடலாம்தான். ஆனால் கடைசி விநாடிகளில் கான்சாஸ் அணியின் மைக்கேல் லீ மூலையிலிருந்து சமன் செய்ய எறிந்த பந்தை, எங்கிருந்தோ பாய்ந்து வந்து தட்டிவிட்டவர் ஹகீம் வாரிக். அவர் இரண்டாம் ஆண்டு.

2006-லிருந்து இந்தக் கதைகள் பெருகின. பள்ளியிலிருந்து நேராகத் தொழில்முறை என்.பி.ஏ.வுக்குப் போக முடியாது, 19 வயது ஆகியிருக்க வேண்டும், பள்ளி முடித்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த ஓராண்டைக் கழிக்கும் சத்திரமாகப் பெரிய திறமைசாலிகள் கல்லூரியைப் பயன்படுத்தினார்கள். வருவது, ஆடுவது, போவது.

முதல் ஆண்டிலேயே பாடம் கிடைத்தது. 2007 இறுதிப் போட்டியில் ஓஹியோ ஸ்டேட் அணியின் முதலாம் ஆண்டு ராட்சதர் கிரெக் ஓடன் 25 புள்ளியும் 12 ரீபவுண்டும் எடுத்தார். ஒரு பையன் இதற்கு மேல் என்ன செய்ய? அப்படியும் ஃபுளோரிடா 84-75 என்று ஜெயித்தது. ஃபுளோரிடாவில் ஜோக்கிம் நோவா, அல் ஹார்ஃபர்ட், கோரி ப்ரூவர் மூவரும் முந்தைய ஆண்டே கோப்பை வாங்கிவிட்டு, கோடிகள் காத்திருக்கையில், இன்னொரு வருடம் சேர்ந்து ஆடலாம் என்று கல்லூரியிலேயே தங்கியவர்கள்.

புதுப் பையன்களை நம்பலாமா என்ற இந்த வாதத்தை மிக நெருங்கிப் பார்க்க வேண்டிய இடம் 2012 கென்டக்கி அணி. பயிற்சியாளர் ஜான் கலிபாரி முதலாம் ஆண்டு நட்சத்திரங்களை வலை வீசிப் பிடிப்பதையே தொழில்முறையாக்கியவர். அந்த ஆண்டு அவர் கையில் ஆந்தனி டேவிஸ், மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட், மார்க்விஸ் டீக். 38 வெற்றி, 2 தோல்வி, கோப்பை. இறுதிப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் விருது டேவிஸுக்கு. ஆனால் அன்று டேவிஸ் பத்து முறை எறிந்து ஒரே ஒரு தடவைதான் கூடையில் போட்டார். மொத்தம் 6 புள்ளிகள். அதற்குப் பதில் 16 ரீபவுண்ட் எடுத்தார், ஆறு பந்துகளைத் தடுத்தார். புள்ளிகளை யார் எடுத்தது? இரண்டாம் ஆண்டு மாணவர் டோரன் லாம்ப், 22. பெஞ்சிலிருந்து இறங்கிய நான்காம் ஆண்டு மாணவர் டேரியஸ் மில்லர் அந்தப் பருவம் முழுக்கப் பெரிய பையனாக அணியைக் கட்டிக்காத்தார். கை ஓடாத நாளிலும் நட்சத்திரம் பயன்பட்டது, புள்ளி எடுக்க இன்னொருவர் இருந்ததால்தான்.

மறு ஆண்டு அதே கலிபாரி, புதிய முதலாம் ஆண்டுப் படை. நெர்லென்ஸ் நோயெல் முழங்கால் கிழிந்து விழுந்தார். தேசியப் போட்டியில் இடமே கிடைக்காமல், இரண்டாம் தர என்.ஐ.டி. போட்டியின் முதல் சுற்றில் ராபர்ட் மோரிஸ் என்ற சின்னக் கல்லூரியிடம் 57-59 என்று தோற்றார்கள்.

தனியாகத் தூக்கிச் சுமந்தவர்களின் கதை இதைவிடப் பரிதாபம். பென் சிம்மன்ஸ் 2015-16 பருவத்தில் எல்.எஸ்.யு. கல்லூரிக்காகச் சராசரி 19 புள்ளி, கிட்டத்தட்ட 12 ரீபவுண்ட். அணி தேசியப் போட்டிக்குத் தேர்வாகவில்லை. மறு ஆண்டு மார்கெல் ஃபுல்ட்ஸ் சராசரி 23 புள்ளி எடுத்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 9 ஆட்டங்களில் ஜெயித்து 22-இல் தோற்றது. இருவரையுமே அடுத்தடுத்த ஆண்டுகளில் என்.பி.ஏ. முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பருவங்களால் பையன்களுக்கு நஷ்டம் எதுவுமில்லை, நஷ்டமெல்லாம் கல்லூரிக்குத்தான்.

முடியும் என்று சொல்லும் எதிர்க்கட்சிக்கும் சாட்சி உண்டு. 2015 டியூக் அணி இறுதிப் போட்டியில் விஸ்கான்சினை வென்றபோது எடுத்த 68 புள்ளிகளில் 60 நான்கு முதலாம் ஆண்டு மாணவர்களுடையவை. இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். ஒரே தொகுதியில் நான்கு பேர் அப்படி அமைந்தால் முடியும் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி அமைவது அரிது. அதே டியூக் 2019-இல் ஸயன் வில்லியம்சனோடு மூன்று நட்சத்திரங்களை வைத்தும் கடைசி நான்கு அணிகளுக்குள் நுழையவில்லை. 2025-இல் கூப்பர் ஃப்ளாக் இருந்தும், 14 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டு, அரையிறுதியில் ஹூஸ்டனிடம் 67-70 என்று தோற்றது.

நம்மவர் ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். 2014-15 பருவத்தில் மேரிலாண்ட் அணியைத் தூக்கி நிறுத்தியவர் முதலாம் ஆண்டு மாணவர் மெலோ ட்ரிம்பிள். தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்தில் வல்பரைசோ கல்லூரி விடாமல் துரத்தியது. கடைசி விநாடிகள். மேரிலாண்ட் மூன்று புள்ளி முன்னிலை. எதிரணி ஒரு மூன்று புள்ளி போட்டால் சமன். பயிற்சியாளர் மார்க் டர்ஜன் பெஞ்சைப் பார்த்து அனுப்பிய ஆள் வருண் ராம். இந்திய வம்சாவளி, ஐந்தடி ஒன்பது அங்குலம், உதவித்தொகை இல்லாமல் ட்ரையல்ஸில் தேறி அணிக்கு வந்தவர், நரம்பியல் படித்துக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவர். எதிரணியின் கீத் கார்ட்டரை ஒட்டிக்கொண்டே நகர்ந்தார். எறிய விடாமல் பந்தைத் தட்டிவிட்டார். 65-62. சக ஆட்டக்காரர்கள் அவரைத் தூக்கிக் கொண்டாடினார்கள். அடுத்த ஆட்டத்தில் ட்ரிம்பிள் தலையில் அடிபட்டு வெளியேற, மேரிலாண்ட் வெஸ்ட் வர்ஜீனியாவிடம் தோற்றுத் திரும்பியது. முதலாம் ஆண்டு நட்சத்திரத்தால் என்ன முடியும், எங்கே முடியாது என்பதை அந்த இரண்டே ஆட்டங்கள் காட்டிவிடுகின்றன.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, மரக்காணம் உப்பளக் கரைக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டைத் தாண்டித் தெற்கே போனால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். வடக்கே போனால் சாலை சென்னையில், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கும் கல்லூரிகளில் முடிகிறது. உயரமாக வளர்ந்த பையனையோ பெண்ணையோ பார்த்ததும் பி.டி. சார் சொல்லும் முதல் வார்த்தையே ‘கோட்டா’தான். பொறியியல் கலந்தாய்வில் மட்டும் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. விளையாட்டு ஆணையத்தின் விடுதிகளில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, சான்றிதழ்களை ஃபைலில் அடுக்கிக்கொண்டு ட்ரையல்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் நிறைய. மாநில அணிக்கு ஆடிய ஒரு பையன் கிடைத்துவிட்டால், இந்த வருஷம் நம்ம காலேஜ்தான் என்று நிர்வாகம் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

அந்தக் கணக்கு தப்பு. இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 25 வயதுக்குள் இருக்கும் மாணவர்கள் ஆடலாம். பிளஸ் டூ முடித்து வந்த பதினெட்டு வயதுத் தோள், முதுகலை படிக்கும் இருபத்து நான்கு வயது அண்ணன்களின் தோளோடு ரிங்குக்கு அடியில் மோதியாக வேண்டும். பெரியகுளம் கோடைப் போட்டி மாதிரி இடங்களில் எதிரே நிற்பவர்கள் வங்கி அணிகளிலும் ராணுவ அணியிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுபவர்கள். பள்ளியில் உயரத்தை வைத்தே ஜெயித்தவனுக்கு ஸ்கிரீன் போடுவது, ஆள் மாற்றிக் காப்பது, ஃபவுல் வாங்காமல் நாற்பது நிமிடம் நிற்பது எல்லாம் புதுப் பாடம்.

ஆனால் அமெரிக்கர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. இங்கே முதலாம் ஆண்டு நட்சத்திரம் மறு வருஷம் கோடிகளுக்காக ஓடிப்போவதில்லை. மூன்று, நான்கு ஆண்டுகள் அதே கோர்ட்டில்தான் இருப்பான். சென்னையின் அனிதா பால்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். பதின்ம வயதில் இந்திய அணிக்குள் வந்தார், இளவயதிலேயே கேப்டனானார், 2017 வரை ஆசியப் போட்டிகளில் ஆடினார், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தப் பெயர் முதல் வருஷத்தில் கிடைத்ததல்ல.

நேரம் இவ்வளவு இருந்தும் பல கல்லூரிகள் முதல் பருவத்திலேயே பையனை நாற்பது நிமிடமும் ஓடவிட்டு, முழங்காலைக் கெடுத்து, அரியர்களைக் குவித்துவிடுகின்றன என்பதுதான் கோபமூட்டுகிறது. மூன்றாம் வருஷம் அவன் கட்டுப் போட்ட காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கோர்ட்டில் இன்னொரு புதுப் பையன் ஓடிக்கொண்டிருப்பான்.

ஆகவே ட்ரையல்ஸுக்குப் பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஃபீஸ் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். சென்ற வருஷம் சேர்ந்த ஸ்போர்ட்ஸ் கோட்டா பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள், அடிபட்டால் பிசியோ செலவு யாருடையது, மூன்றாம் ஆண்டு அண்ணன்கள் அணியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கல்லூரியை விட்டுவிட்டு அடுத்த ட்ரையல்ஸுக்குப் பஸ் ஏறுங்கள்.