கட்டளையும் நடப்பும்

சென்ற வாரம் டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகியதோடு நிறுத்தினோம். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களுக்கும் சிறு டிரக்குகளுக்கும் கட்டாயமான சாக்கெட் அது. இந்த வாரம் திரையில் ஓடும் எண்களைப் படிப்போம். அதற்கு செவ்ரலே பிக்கப்களில் 1993 முதல் வந்த 4எல்60-இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வண்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. காலையில் ஒழுங்காக ஓடும். சூடேறியதும் ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகையில் 'டொம்'மென்று இடிக்கும். ஸ்கேனர் காட்டும் கோடு பி1870. உள்ளே ஏதோ நழுவுகிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. இந்த இடத்திலேயே கியர்பாக்ஸை இறக்கிவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவே பொறுக்காது. வண்டிக்காரரின் பல மாதச் சேமிப்பு அதில் போகிறது.

அந்தக் கோடை அழிக்காதீர்கள். கோளாறு பதிவான கணத்தின் வேகம், சூடு, என்ஜின் சுற்று எல்லாம் அதோடு சேர்ந்து அழிந்துவிடும். முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆயில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, திரையில் கன்வெர்ட்டரின் நழுவல் எண்ணைக் கவனியுங்கள்.

மூன்றாம் கியரின் விகிதம் ஒன்றுக்கு ஒன்று. என்ஜினை கியர்பாக்ஸோடு இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகிவிட்டால் என்ஜின் 2000 சுற்று சுற்றும்போது வெளி ஷாஃப்டும் 2000தான் சுற்ற வேண்டும். நான்காம் கியரின் விகிதம் ஏறக்குறைய 0.70. வெளி ஷாஃப்ட் 2500 சுற்றினால் என்ஜின் 1750இல் நிற்க வேண்டும். அது 2000 காட்டினால் நழுவல் 250.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் காலத்து 4எல்60-இயில் உள் ஷாஃப்டின் சுற்றை அளக்க சென்சார் கிடையாது. கம்ப்யூட்டர் தான் கட்டளையிட்ட கியரை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் நழுவல் எண்ணைக் காட்டுகிறது. எனவே 3-4 கிளட்ச் கருகி நழுவினாலும் பழி கன்வெர்ட்டர் பெயரில் விழும். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது என்ஜின் சுற்று எகிறுகிறதா? அப்படியானால் 3-4 கிளட்ச்சைச் சந்தேகியுங்கள். கியரெல்லாம் சுத்தமாக விழுந்து, லாக் ஆன பிறகு, சூட்டில் மட்டும் எண் ஏறினால் வால்வு பாடியைப் பாருங்கள். லாக் அழுத்தத்தைச் சீராக்கும் சிறு வால்வு ஓயாமல் துடித்துத் துடித்து, தான் ஓடும் அலுமினியத் துளையைத் தேய்த்துவிடுகிறது. சூட்டில் இளகிய ஆயில் அந்த இடுக்கில் கசிய, லாக் கிளட்ச்சுக்குப் போதிய அழுத்தம் கிடைப்பதில்லை.

அப்படியானால் இரண்டாம் கியர் ஏன் இடிக்கிறது? நழுவலைக் கண்ட கம்ப்யூட்டர், மற்ற கிளட்ச்சுகளைக் காப்பாற்ற அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறது. இடி அதன் விளைவு.

அழுத்தத்துக்கும் இதில் சென்சார் இல்லை. திரையில் தெரியும் ஆம்பியர், அழுத்த சொலினாய்டுக்குப் போகும் மின்சாரம்: 1.1 ஆம்பியரில் அழுத்தம் மிகக் குறைவு, பூஜ்யத்தில் உச்சம். கியர்பாக்ஸுக்கு மின்சாரமே வராமல் போனால் அழுத்தம் உச்சத்துக்கு ஏறும். கியர் சொலினாய்டுகள் இரண்டும் அணைந்து வண்டி மூன்றாம் கியரிலேயே கிளம்பும். அத்தகைய வண்டி வந்தால் முதலில் ஃபியூஸையும் வயர் கனெக்டரையும் பாருங்கள்.

பி1870க்கு வருவோம். ஆயில் பேனைக் கழற்றினால் வால்வு பாடி கீழிருந்தே கைக்கு வரும். தேய்ந்த துளையைப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய வால்வைப் பொருத்தலாம். கியர்பாக்ஸ் வண்டியிலேயே இருக்கும்.

உண்மை அழுத்தத்தை கேஜ் மாட்டி அளப்பது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.