கம்பிக் கூடு

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்வோர் முதலில் மூங்கில் சிம்புகளைக் கட்டி ஒரு கூடு அமைப்பர். வண்ணத்தாள் ஒட்டுவது பிறகுதான். கணிப்பொறியில் முப்பரிமாண உருவம் வரைவதிலும் இம்முறை உண்டு. தாள் ஒட்டாத அக்கூட்டையே ‘வயர்ஃபிரேம்’ என்கின்றனர். கம்பிக் கூடு என்று நான் வழங்குகிறேன். பொறியியல் பயிலும் நண்பர்கள் பலர் இதைப் பழங்கதையென்று தள்ளிவிட்டு நேரே திண்ம உருவங்களுக்குப் பாய்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பழையதுதான், ஐயமில்லை. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து, ஒளிப்பேனாவால் திரையிலேயே வரையும் ‘ஸ்கெட்ச்பேட்’ முறையை 1963-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் அங்கேயே திமோத்தி ஜான்சன் அதனை முப்பரிமாணத்துக்கு விரித்தார். திரையில் தெரிந்தவை வெறுங் கோடுகளே.

கூட்டில் இருப்பவை இரண்டு: முனைகள், அவற்றை இணைக்கும் கோடுகள். கனசதுரத்துக்கு 8 முனைகள், 12 விளிம்புகள். ஒவ்வொரு முனைக்கும் இடங்குறிக்க மூன்று எண்கள்; எந்த முனை எதனோடு சேரும் என்பதற்கு ஒரு பட்டியல். அவ்வளவே. 6 முகங்கள் என்னவாயின? அவற்றைப் பற்றிக் கணிப்பொறிக்கு ஒன்றும் தெரியாது. முகங்களைக் காண்பது நம் கண்தான்.

வம்பு இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பெரிய கனசதுரத்தின் நடுவில், பக்கங்கள் இணையாக இருக்கும்படி, சிறியது ஒன்றை வரையுங்கள். உள் முனை ஒவ்வொன்றையும் அதற்கு நேரான வெளி முனையோடு இணையுங்கள். 16 முனைகள், 32 விளிம்புகள். ஊடே துளை சென்ற ஒரு கட்டி இது எனலாம். ஆனால், துளை முன்னிருந்து பின்னா, இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா? மூன்றுக்கும் கோடுகள் ஒன்றே! பட்டறையில் மூவரிடம் இப்படத்தைக் கொடுத்தால் மூன்று பொருள்கள் வரக்கூடும். மூவர் மீதும் குற்றமில்லை. உருளையின் கதை வேறு. மேலும் கீழும் உள்ள வட்டங்களே அதன் உண்மையான விளிம்புகள். பக்கக்கோடோ நாம் நிற்கும் திசைக்கேற்ப நகரும் வெறுந் தோற்றம்.

பின் இது எதற்கு? வளைந்த பரப்புகளுக்கு. காரின் மேல்தகடு, படகின் உடல் போன்றவற்றுக்கு விளிம்பு வளைவுகளை முதலில் வரைந்து, இடையே பரப்பை விரிக்கலாம். நான்கு வளைவுகளுக்கிடையே பரப்பு அமைக்கும் கணக்கை ஸ்டீவன் கூன்ஸ் 1960-களில் வகுத்தார். ஆட்டோகேடில் ‘எட்ஜ்சர்ஃப்’ கட்டளை இவ்வேலையைச் செய்கிறது. ஆனால், நான்கு கோடுகளும் முனையோடு முனை தொட வேண்டும். இடைவெளி இருந்தால் பரப்பு வராது. ஆகவே கண்மதிப்பில் முனைகளை வைக்காதீர்கள். ‘ஆப்ஜெக்ட் ஸ்னாப்’ வசதியைக் கொண்டே பிடியுங்கள். வட்டம் வரையும்போது இன்னொன்று: அது அப்போதைய வேலைத் தளத்திலேயே படுக்கும். பக்கச் சுவரில் வட்டம் வேண்டுமெனில் ‘யூசிஎஸ்’ கட்டளையால் தளத்தை முதலில் திருப்புங்கள். முன்புறமிருந்து பார்க்கும்போது ஒட்டியதுபோல் தோன்றும் இரு கோடுகள் ஆழத்தில் விலகி நிற்கும். ஒவ்வொரு வளைவு முடிந்ததும் கூட்டை ஒரு சுற்றுச் சுழற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.